ஆலை, சாலை, பேட்டை

இங்கிலீஷில் தொழில் சம்பந்தமான வார்த்தைகள் ஒரு கூட்டுக் குடும்பம் போல வாழ்கின்றன. பாக்டரி, மில், ஒர்க்ஷாப், இண்டஸ்ட்ரி, எஸ்டேட், கம்பெனி என்று அண்ணன் தம்பிகளும் ஓரகத்திகளும் ஒரே கூரையின் கீழே இருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய அறைக்குள் இன்னொருவர் நுழைவதில்லை. இந்தக் குடும்பம் தமிழ்நாட்டுக்குக் குடி வந்தபோது அறைகளெல்லாம் மாறிப் போயின. சிலருக்கு நல்ல வீடு கிடைத்தது. சிலர் இன்னும் திண்ணையில்தான் படுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதை நடக்கிற இடம் கும்மிடிப்பூண்டிப் பக்கம். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை அந்த ஊரோடு திரும்பிவிடுகின்றன. அப்பால் எளாவூர், ஆரம்பாக்கம். அதற்கும் அப்பால் ஆந்திர தேசம். 1997-ல் செங்கற்பட்டு ஜில்லாவைப் பிரித்தபோது இந்தப் பிரதேசம் திருவள்ளூர் மாவட்டமாயிற்று. அதற்கு முன்பே, 1979-ல், ஊருக்கு அருகே அரசாங்கத்தின் 'சிப்காட்' ஸ்தாபனம் நிலத்தை வளைத்துத் தொழில் வளாகம் ஒன்றை ஏற்படுத்திவிட்டது. இரும்பை உருக்குகிறவர்கள், உருக்கியதை நீட்டுகிறவர்கள், நீட்டியதை வெட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கே உண்டு. வாசற் பலகைகளில் 'மில்ஸ்', 'ஒர்க்ஸ்', 'இண்டஸ்ட்ரீஸ்' என்று விதவிதமாக எழுதியிருக்கும். ஆனால் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கிற ஆளைக் கேட்டுப் பாருங்கள்: "கம்பெனிலேர்ந்து வர்றேன்" என்பார். அவருக்கு எல்லாமே கம்பெனிதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் மூதாதையர் 'கும்பினி' என்று பயத்தோடு உச்சரித்த அதே வார்த்தை, இப்போது டிபன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் போகிற இடத்துக்குப் பெயராகிவிட்டது.

'பாக்டரி' என்ற வார்த்தைக்கும் இதே கும்பினிதான் தாய்வீடு. நம்மில் பலருக்கு இது தெரியாததனால், சில சரித்திரப் புத்தகங்களில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்து முதலில் 'தொழிற்சாலைகளை' ஏற்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கும். படிக்கிற பையன், பதினேழாம் நூற்றாண்டிலேயே புகைபோக்கி வைத்த கட்டடங்கள் கடற்கரையில் நின்றன என்று நினைத்துக்கொள்வான். அந்தக் காலத்து 'பாக்டரி'யில் யந்திரமே கிடையாது. 'பாக்டர்' என்பவன் கும்பினியின் வியாபாரக் காரியஸ்தன். அவன் தங்கி, துணி வாங்கி, மூட்டை கட்டி, கப்பல் வரும்வரை காத்துக் கிடக்கிற இடம் பாக்டரி. நம்முடைய 'பண்டகசாலை' என்ற சொல் அதற்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும்.

பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே போனால் பழவேற்காடு வரும். டச்சுக்காரர்கள் 1610-ல் அங்கே வியாபாரம் செய்ய உடன்படிக்கை வாங்கினார்கள். 1613-ல் கெல்திரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் 1611-ல் அதே ஊருக்கு வந்து, டச்சுக்காரர் முந்திக்கொண்டதைக் கண்டு, வெறுங்கையோடு கப்பலேறினார்கள். பிற்பாடு ஏரிக்கு வடக்கே துர்க்கராஜபட்டினத்தில் 1626-ல் ஒரு பண்டகசாலை வைத்துப் பார்த்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. அதற்கப்புறம்தான் 1639-ல் சென்னப்பட்டினத்து மணல் கிடைத்தது. இப்படி, சென்னை பிறப்பதற்கு முன்பே 'பாக்டரி' என்ற வார்த்தை திருவள்ளூர்க் கரையோரத்தில் உலாவியிருக்கிறது.

இதிலே இன்னொரு விசித்திரம். பழவேற்காட்டு டச்சுக்காரர்களிடம் இன்றைய அர்த்தத்தில் ஒரு தொழிற்சாலையும் இருந்தது. அவர்கள் அங்கே வெடிமருந்து தயாரித்துக் கீழ்த்திசையிலிருந்த தங்கள் மற்றக் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். ஆகவே ஒரே வளாகத்தில் வியாபாரம் நடந்த 'பாக்டரி' ஒன்று, மருந்து அரைத்த 'பாக்டரி' ஒன்று. மொழிபெயர்க்கிறவர் எந்த வரியில் எது என்று பார்த்துத்தான் பேனாவை வைக்க வேண்டும். டச்சுக்காரர்கள் 1825-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் தமிழுக்குத் 'துட்டு' என்ற சொல்லையும் 'கக்கூஸ்' என்ற சொல்லையும் விட்டுச் சென்றார்கள். இந்த இரண்டுக்கும் எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்!

'தொழிற்சாலை' என்பதும் நல்ல சொல்தான். 'சாலை' என்றால் கூடம். பாடசாலை, தர்மசாலை, மடைப்பள்ளிக்குப் பக்கத்தில் உக்கிராணசாலை என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது இடறாது. இப்போது 'சாலை' என்றால் ரோடு என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆனாலும் தொழிற்சாலையை எவரும் தார் போட்ட பாதை என்று நினைப்பதில்லை. பெரம்பூரில் 1955-ல் ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலை வந்தபோதுதான் ஒரு சங்கடம் உண்டாயிற்று. இங்கிலீஷில் அதற்கு 'இண்டெக்ரல் கோச் பாக்டரி' என்று பெயர். பெட்டியின் உடலும் அடிச்சட்டமும் வேறு வேறல்ல, ஒரே பிண்டம் என்பது பொருள். அதை 'இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை' என்று எழுதினார்கள். இணைப்பது என்றால் இரண்டாக இருப்பதைச் சேர்ப்பது. இங்கே இரண்டே கிடையாது என்பதல்லவா பெருமை? பரவாயில்லை, ஊர் ஜனங்கள் 'ஐ.சி.எப்.' என்று சொல்லித் தகராறைத் தீர்த்துவிட்டார்கள்.

எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தவர் 'ஆலை'தான். 'மில்' என்றால் ஆங்கிலேயனுக்கு ஆதியில் தானியம் அரைக்கிற இடம். தண்ணீர்ச் சக்கரத்தால் மாவு அரைத்தவன், அதே சக்கரத்தில் நூல் நூற்றான், பிறகு இரும்பை நீட்டினான். பெயர் மட்டும் மாறவில்லை. தமிழிலும் அச்சாக இதே பிரயாணம்தான் நடந்திருக்கிறது, ஆனால் மாவுக்குப் பதில் கரும்பு. பட்டினப்பாலையிலேயே சோழ நாட்டுக் கரும்பாலை வருகிறது. கரும்பைப் பிழிந்த ஆலை பஞ்சாலையாயிற்று, நூற்பாலையாயிற்று, கடைசியில் உருக்காலையும் ஆயிற்று. யாரும் ஆங்கிலேயனைப் பார்த்து இந்த வழியில் நடக்கவில்லை. இரண்டு மொழிகளும் தனித்தனியே நடந்து ஒரே சத்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டுகிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் இன்னும் நன்றாக விளங்கும். உலையிலிருந்து செக்கச் செவேலென்று வருகிற கட்டியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுகிறார்கள். அந்தப் பக்கம் அது மெலிந்து நீண்டு வெளிவருகிறது. மறுபடியும் விடுகிறார்கள், இன்னும் நீளுகிறது. மார்கழி மாதத்தில் கிராமத்துக் கரும்பாலையில் இரண்டு உருளைகளுக்கிடையே கழியைக் கொடுத்து வாங்கியவர்கள் இதைப் பார்த்தால், "அட, நம்ம ஆலைதானே!" என்பார்கள். சாறு மட்டும் வராது. சாறு வேர்வையாக வேறு இடத்தில் வருகிறது.

'ஒர்க்ஷாப்'புக்குப் 'பட்டறை' தயாராக இருந்தது. பட்டறை என்பது கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்; அதிலிருந்து அவன் உட்காருகிற கொட்டகைக்கே பெயர் வந்தது. அம்பத்தூரில் லேத் மிஷின் வைத்தவரும் கூசாமல் அதை எடுத்துக்கொண்டார்: லேத்துப் பட்டறை. சர்க்கார் மட்டும் 'பணிமனை' என்று வேறொன்றைச் செய்து பஸ் டிப்போவின் வாசலில் எழுதி வைத்தது. இப்பொழுது எழுத்தாளர்களும் 'கவிதைப் பட்டறை', 'சிறுகதைப் பட்டறை' என்று நடத்துகிறார்கள். இரண்டொன்றுக்கு நானும் போயிருக்கிறேன். அடி விழும் சத்தம் அதிகம். சாமான் வெளியே வருவது குறைவு.

'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' என்ற தொடர் வந்தபோது நடந்ததுதான் என் மனசுக்கு மிகவும் உகந்தது. 1958-ல் கிண்டியில் முதல் எஸ்டேட் உண்டாயிற்று, அறுபதுகளில் அம்பத்தூர். அகராதியைப் பார்த்திருந்தால் எஸ்டேட்டுக்கு 'பண்ணை' என்றோ 'சொத்து' என்றோ போட்டிருப்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான் 'பேட்டை' என்றார். தொழிற்பேட்டை! பேட்டை என்றால் கோட்டைக்கு வெளியே, ஒரு தொழிலையோ சந்தையையோ நம்பி உண்டான குடியிருப்பு. வண்ணாரப்பேட்டை இருக்கிறது. 1734-ல் கும்பினியார் நெசவாளரையும் நூல் நூற்பவரையும் கூட்டி வந்து குடிவைத்த சின்னத்தறிப்பேட்டை இருக்கிறது. இன்று சிந்தாதிரிப்பேட்டை என்கிறோம். ஒரே தொழிலைச் செய்கிறவர்களுக்கு மனை கொடுத்து ஓரிடத்தில் உட்கார்த்துவதுதான் எஸ்டேட் என்றால், சென்னை அதைக் கிண்டிக்கு இருநூற்றிருபத்து நான்கு வருஷம் முன்னாலேயே செய்துவிட்டது. சொல்லும் கையோடு இருந்தது.

திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் ஒரு தொழிற்பேட்டை உண்டு. ஆனால் இப்போது பேட்டை பழசாகிவிட்டது. 'இண்டஸ்ட்ரியல் பார்க்' வந்திருக்கிறது. அதைத் 'தொழிற்பூங்கா' என்று எழுதுகிறார்கள். இங்கிலீஷில் 'பார்க்' என்றால் பூ இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மோட்டாரை நிறுத்துகிற இடத்தைக்கூட அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். தமிழில் பூங்கா என்றால் முதல் எழுத்திலேயே பூ வந்து நின்றுவிடுகிறதே! கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பேட்டையையும் விட்டார்கள், பூங்காவையும் விட்டார்கள். அவர்களுக்கு அந்த இடம் 'சிப்காட்டு'. ஒரு ஸ்தாபனத்தின் இங்கிலீஷ் பெயரிலுள்ள தலையெழுத்துக்களைக் கோத்த வார்த்தை இப்படி ஒரு தமிழ் ஊர்ப்பெயராக மாறிவிட்டது.

நான் சொல்லாக்கக் குழுக்களைப் பரிகசிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் சாஸ்திரச் சொற்களுக்காகவே ஒரு கழகம் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். முப்பதுகளில் விபுலானந்த அடிகள் முதலிய பெரியவர்கள் கூடி உழைத்ததன் பயனாக 1938-ல் கலைச்சொற்கள் புத்தகமாக வந்தன. பாரதியார் 'மெம்பர்' என்ற ஒரே வார்த்தைக்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, தோன்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதி வைத்தார். மகாகவிக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு ஏது யோக்கியதை? என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தமிழாக்குகிறார்கள். குடும்பத்தோடு அழைத்து வருவதில்லை.

குடும்பத்தோடு அழைத்து வந்தவர்கள் உலகத்தில் உண்டு. செக் மொழிக்காரர்களைச் சொல்லலாம். நமக்கு அந்த நாடு முற்றிலும் அந்நியமல்ல. தமிழ் இலக்கியத்தைப் பற்றி உலகுக்கு எழுதிய கமில் ஸ்வெலபில் பிராக் நகரத்தவர். 1965-ல் திருச்சிக்குப் பக்கத்தில் கொதிகலன் தொழிற்சாலை தொடங்கியதும் அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் ஒத்தாசையோடுதான். நாம் இங்கிலீஷின் கீழ் இருந்ததுபோல அவர்கள் ஜெர்மன் மொழியின் கீழ் நெடுங்காலம் இருந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விழித்துக்கொண்டு, யுங்மான் என்பவர் ஐந்து பாகத்தில் அகராதி செய்தார். பிரெஸ்ல் என்ற விஞ்ஞானி ரசாயனப் பெயர்களைச் செய்தார். நீரிலிருந்து ஒன்று, புளிப்பிலிருந்து ஒன்று, மூச்சு முட்டுவதிலிருந்து ஒன்று என்று எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே விகுதியைக் கொடுத்து, ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உடன்பிறந்தவர்களாக்கிவிட்டார். இன்றும் செக் பள்ளிக்கூடப் பையன் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறான்.

அவர்கள் பாக்டரிக்கு வைத்திருக்கிற பெயர் 'தொவார்னா'. 'தொவார்' என்றால் சரக்கு. ஆக அவர்களுடைய தொழிற்சாலையும் நம்முடைய பண்டகசாலையும் ஒரே மூக்கும் முழியுமாக இருக்கின்றன. ஆனால் தொழிலைப் பற்றிய செக் வார்த்தைகளில் உலகத்தையே சுற்றி வந்தது வேறொன்று. 'ரொபோதா' என்றால், குடியானவன் ஜமீன்தாருக்குக் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய வேலை. 1848-ல்தான் அது அங்கே ஒழிந்தது. 1920-ல் காரெல் சாபெக் ஒரு நாடகம் எழுதினார். அதில் வருகிற செயற்கை மனிதர்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு, அவர் அண்ணன் யோசெப் அந்த ரொபோதாவிலிருந்து 'ரோபோ' என்று எடுத்துக் கொடுத்தார். ரொபோதாவுக்கு நேரான தமிழ்ச் சொல் நம் கல்வெட்டுக்களில் இருக்கிறது: 'வெட்டி'. சோழர் காலத்துக் குடிகள் கொடுத்த கடமைகளில் வெட்டியும் ஒன்று. கூலியில்லாத கட்டாய உழைப்பு. இன்று "வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான்" என்றால் வேலையே செய்யாதவன் என்று அர்த்தமாகிவிட்டது. கூலியில்லாத வேலையும் வேலையில்லாத பொழுதும் நம் மொழியில் ஒரே பெயருக்குள் வந்து அடைந்துவிட்டதை நினைத்தால் சிரிப்பதா, வேறென்ன செய்வதா என்று தெரியவில்லை.

'தொழில்' என்ற தாய்ச்சொல்லிடம்தான் நமக்கு மிகுந்த கஷ்டம். இண்டஸ்ட்ரியும் தொழில், டிரேடும் தொழில், புரொபெஷனும் தொழில். 'முதலாளி', 'தொழிலாளி' என்ற ஜோடி அபூர்வமானது. முதலை ஆள்கிறவன் ஒருவன், தொழிலை ஆள்கிறவன் இன்னொருவன் என்று இருவரையும் சரியாசனத்தில் உட்கார்த்துகிற அழகு இங்கிலீஷில் இல்லை. 1918-ல் பெரம்பூர் மில்காரர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது அதன் தலைவரான வாடியா பார்சிக்காரர். அவர் இங்கிலீஷ் தமிழாகித்தான் ஜனங்களுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. திரு.வி.க. தம் 'தேசபக்தன்' பத்திரிகையிலும் பிறகு 'நவசக்தி'யிலும் தொழிலாளர் விஷயங்களைத் தமிழிலேயே எழுதிக் குவித்தார். அவ்வளவும் சிறப்புத்தான். ஆனால் சட்டம் வேறு பாஷை பேசியது. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் 'ஒர்க்மேன்' என்றது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 'ஒர்க்கர்' என்றது. வைப்புநிதிச் சட்டம் 'எம்ப்ளாயி' என்றது. மூன்றும் வேறு வேறு வட்டம். மேஸ்திரி ஒரு வட்டத்துக்குள் இருப்பார், இன்னொன்றில் வெளியே நிற்பார். தமிழில் மூவரும் தொழிலாளிகள். 2025 நவம்பரில் பழைய சட்டங்கள் போய் நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றிலும் 'ஒர்க்கர்' வேறு, 'எம்ப்ளாயி' வேறுதான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேலை போகிற விஷயத்துக்கு வருவோம். இந்தியச் சட்டத்தில் 'லே-ஆப்' என்றால் ஆள் போகவில்லை. கரி இல்லை, மின்சாரம் இல்லை, யந்திரம் உடைந்தது என்று சில நாள் வேலை கொடுக்க முடியாமல் போவதுதான் அது. தகுதியுள்ள தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. 'ரிடிரெஞ்ச்மெண்ட்' என்றால் ஆள் மிகுதி என்று ஒரேயடியாகக் கணக்குத் தீர்ப்பது. முன்னறிவிப்பும், சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளமும் உண்டு. 'டிஸ்மிஸல்' என்றால் குற்றத்துக்குத் தண்டனை. இந்தப் பணம் எதுவும் கிடையாது. இதற்குள் அமெரிக்காக்காரன் நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்புவதையே லே-ஆப் என்கிறான். அதைப் பார்த்து நம் பத்திரிகைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிச் செய்திகளில் 'பணிநீக்கம்' என்று போடுகின்றன. அரைச் சம்பள ஓய்வு, ஆட்குறைப்பு, தண்டனை மூன்றுக்கும் ஒரே சொல்!

2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டுக் கடுமையாக இருந்தது. அப்போது இரும்பு உருட்டுகிற ஒரு கம்பெனியில் - எது, எவருடையது என்பது வேண்டாம் - வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கிலீஷில் பன்னிரண்டு நாளைக்கு லே-ஆப் என்று சரியாகத்தான் இருந்தது. கீழே தமிழில் 'தற்காலிக வேலைநீக்கம்' என்று ஆபீஸ் குமாஸ்தா எழுதியிருந்தார். அந்தத் தொடரைக் குற்றம் விசாரிப்பதற்காக ஆளை வெளியே நிறுத்துகிற 'சஸ்பென்ஷ'னுக்கும் வழங்குகிறோம். நோட்டீஸைப் படித்தவர்களில் சிலர், "நாம் என்ன தப்புச் செய்தோம்?" என்று கோபப்பட்டார்கள். சிலர் வேலையே போய்விட்டதென்று மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு: லே-ஆப் காலத்தில் தொழிலாளி தினம் ஒரு தடவையாவது குறித்த நேரத்தில் வந்து, வேலைக்குத் தயாராக இருப்பதைக் காட்டிக்கொள்ள வேண்டும். வராதவனுக்கு அரைச் சம்பளம் கிடையாது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை இருந்தது; பன்னிரண்டு நாள் பணம் இல்லை. ஒரு சொல் அவர்களை ரயிலேற்றி அனுப்பி, அவர்கள் பையிலிருந்து பணத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்த வட்டாரத்தில் தொழிற்சங்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இதை என்னிடம் சொல்லி, "ஐயா கதை எழுதுகிறவர். லே-ஆப்புக்கு ஒரு நல்ல தமிழ் சொல்லுங்களேன்" என்றார். 'வேலையில்லாக் காலம்' என்றேன். "அது எங்கள் பையன்கள் படிப்பு முடித்த பிறகு வருவது" என்றார். 'பணி இடைநிறுத்தம்' என்றேன். "சஸ்பென்ஷனுக்கு ரொம்பக் கிட்டே போகிறது" என்றார். 'ஊதியக் குறைப்பு ஓய்வு' என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவரே, அடுத்த தடவை மின்சாரம் போனபோது சங்கத்தின் கரும்பலகையில் தாம் எழுதி வைத்ததைச் சொன்னார். "கரண்ட் இல்லாததால் வேலை இல்லை. யார் பெயரையும் எடுக்கவில்லை. தினமும் ஷிப்டு நேரத்துக்கு கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போடவும். பாதிச் சம்பளம் உண்டு." ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு நான்கு வாக்கியம். அதற்கு அடியில், வடக்கேயிருந்து வந்து உலையில் வேலை செய்த பையன் ஒருவன் சாக்கட்டியை வாங்கி, அதையே ஹிந்தியில் எழுதினானாம்.